கிள்ரு, கிதிர், கிஸ்ர்: ஒரு பெயரின் பொருளும் அதைச் சுற்றி வளர்ந்த கதைகளும்

டெல்லியில் குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இந்தக் குழப்பத்தைப் பார்க்கலாம். தாத்தாவின் பெயர் ஊர்ப் பட்டியலில் "கிள்ரு முகமது" என்று இருக்கும். மகனின் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயர் "கிதிர் முகமது" ஆகியிருக்கும். தாத்தா நினைவாக ஜாமியா நகரில் பிறந்த பேரனுக்கும் அதையே வைத்தால், எழுதிக்கொள்பவர் இந்திப் பழக்கத்தில் "கிஸ்ர்" என்று பதிந்துவிடுவார். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி எடுக்க வேண்டி வந்ததே, அப்போது பலருக்கும் இந்த மாதிரிப் பெயர்கள்தான் தலைவலி கொடுத்தன. எது சரி, எது பிழை?

எழுத்துக் குழப்பத்தோடு பொருள் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. இது ஒரு நபியின் பெயர் என்பார் ஒருவர், இறைநேசரின் பெயர் என்பார் இன்னொருவர். பாட்டிமார் "அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், தண்ணீரில் நடப்பார்" என்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை கல்லூரிக்குப் போனதும் "அதெல்லாம் கட்டுக்கதை, பெயரை மாற்றிவிடுங்கள்" என்று சண்டைக்கு வரும். எல்லாரும் ஒரே பெயரைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் வேறு வேறு அடுக்கில் நின்றுகொண்டு பேசுகிறார்கள். அந்த அடுக்குகளைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதி பாதி, அரபியின் ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது.

பெயரின் வேர்

அரபிச் சொற்களுக்குப் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து கொண்ட வேர் இருக்கும். இந்தப் பெயரின் வேர் மூன்று எழுத்து: தொண்டையிலிருந்து உரசி வரும் "ஃக", அடுத்து "ளாத்" என்று தமிழ் மதரஸாக்களில் சொல்லிக்கொடுக்கும் எழுத்து, கடைசியில் "ர". இந்த வேரின் பொருள் பச்சை. மதீனாவில் நபிகளார் அடங்கியிருக்கும் இடத்தின் மேலுள்ள பச்சைக் குவிமாடத்தை அரபியில் அழைப்பதும் இதே வேரிலிருந்து வரும் சொல்லால்தான். ஆக, கிள்ரு என்றால் "பச்சையானவர்". அரபியிலேயே இதை அல்-களிர் என்றும் அல்-கிள்ர் என்றும் இரு விதமாக உச்சரிப்பதுண்டு, இரண்டும் ஏற்கப்பட்டவை.

மூஸா நபி தேடிப்போய்ச் சந்தித்த, தனி அறிவு பெற்ற ஓர் அடியாரின் பெயர் இது. இயற்பெயர் கிடையாது, பட்டப்பெயர். அவருடைய இயற்பெயராக மரபு நூல்களில் அதிகம் சொல்லப்படுவது பல்யா இப்னு மல்கான். அபுல் அப்பாஸ் என்ற பெயராலும் அவரைக் குறிப்பார்கள். ஆனால் அந்தப் பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு நிலைத்தது பட்டப்பெயர்தான். ஏன் பச்சை? இதற்கான காரணத்தை நபித்தோழர் அபூஹுரைரா அறிவிக்கும் ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, சொல்கிறது, இமாம் புகாரியின் தொகுப்பில் இருக்கிறது: அவர் வறண்ட வெண்ணிலத்தில் உட்கார்ந்தார், உடனே அவருக்குப் பின்னால் அது பசுமையாக அசைந்தது, அதனால் அந்தப் பெயர் வந்தது. பின்னால் ஆயிரத்துச் சொச்சம் வருடங்களாக வளர்ந்த எல்லாக் கதைகளுக்கும் விதை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

தமிழ் எழுத்தில் இந்தப் பெயரோடு கலந்துபோகும் வேறு பெயர்கள் உண்டு. அவற்றை முதலில் விலக்கிவிடலாம்.

1. காதர். இது அப்துல் காதிர் என்பதிலிருந்து வந்தது. காதிர் என்றால் ஆற்றல் மிக்கவன், அது இறைவனின் பெயர்களில் ஒன்று. வேர் வேறு. "கிதர்", "காதர்" இரண்டும் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றை இன்னொன்றாகத் "திருத்தி" விடுகிறார்கள், அது தவறு.

2. ஹைதர். இது சிங்கம் என்று பொருள்படும் பெயர், அலீ அவர்களைக் குறிப்பது. "ஹிதர்" என்று எழுதியதை ஹைதர் என்று படித்துவிடுவது எளிது.

3. கதீஜா. பெண்ணுக்கு இதே பொருளில் பெயர் தேடுபவர்கள் இதைக் கிள்ருவின் பெண்பால் என்று நினைக்கிறார்கள். கிடையாது. பச்சை என்ற வேரில் பெண்பால் வேண்டுமென்றால் களரா என்பதுதான்.

ளகரம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி இதுதான். "கிள்ரு" என்பது படிக்காதவர்கள் சிதைத்த வடிவம், "கிஸ்ர்" தான் சுத்தம் என்று டெல்லியில் பலர் நினைக்கிறார்கள், நம் ஆட்களே நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை.

அரபிமொழிக்கு "ளாத் எழுத்தின் மொழி" என்றே ஒரு பெயர் உண்டு, அந்த ஒலி வேறு எங்கும் கிடையாது என்ற பெருமையில். இன்றைய அரபு நாடுகளில் பெரும்பாலான இடங்களில் அதை அழுத்தமான ஒரு "த" அல்லது "ட" போல உச்சரிக்கிறார்கள். ஆனால் எட்டாம் நூற்றாண்டு இலக்கண அறிஞர் சீபவைஹி அதை விவரிக்கும்போது, நாக்கின் பக்கவாட்டு ஓரத்துக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையில் பிறக்கும் ஒலி என்று சொல்கிறார். நாக்கின் ஓரத்தில் காற்று போவதுதான் ல, ள ஒலிகளின் தன்மையும். அதாவது பழைய ளாத்தில் ஒரு லகரச் சாயல் இருந்தது. இதற்கு ஸ்பானிய மொழியிலும் தடயம் இருக்கிறது. நகரத் தலைவரை அங்கே "அல்கால்தே" என்பார்கள். அது அரபியின் அல்-காளி, நம் ஊர்க் காஜி. அந்தச் சொல்லுக்கு நடுவில் ஒரு "ல்" ஒட்டிக்கொண்டு நிற்பது ளாத்தின் பழைய ஒலியால்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். தமிழ்க் கரைக்கும் மலையாளக் கரைக்கும் அரபி கப்பலில் நேராக வந்தது. டெல்லிக்கு அது பாரசீகம் வழியாக, அரசவை மொழியாக வந்தது. பாரசீகத்தில் ளாத் ஒலி இல்லை, அவர்கள் அதை "ஸ" என்று அதிர்வோடு, தேனீ இரைச்சல் போல உச்சரித்தார்கள். உருது அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் ஒரே சொல்லுக்கு மூன்று முகம்:

1. நோன்பு மாதம் நமக்கு ரமலான் அல்லது ரமளான், டெல்லிக்கு ரம்ஸான், இன்றைய அரபிப் பேச்சுக்கு ரமதான். நம் செய்தித்தாள்களில் வரும் "ரம்ஜான்" உருது வழியே வந்த நாலாவது முகம்.

2. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது நமக்கு ஒளு, டெல்லிக்கு வஸூ, அரபிக்கு வுதூ.

3. கட்டாயக் கடமை நமக்கு பர்ளு, அவர்களுக்கு ஃபர்ஸ், அரபிக்கு ஃபர்த்.

4. மரியாதைக்குரியவர் நமக்கு ஹள்ரத், அவர்களுக்கு ஹஸ்ரத், அரபிக்கு ஹத்ரத்.

5. நம் பெயர்: தமிழில் கிள்ரு, உருதில் கிஸ்ர், அரபியைப் பார்த்து ஆங்கில எழுத்தில் எழுதினால் கித்ர். அதைத் தமிழ் நாக்கு உடைத்துச் சொன்னால் கிதிர், கிதர்.

இது ஒழுங்கான மாற்றம். ளாத் வரும் சொல்லுக்குச் சொல் இதே மூன்று ஒலிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "ரமலான்" என்று சொல்வது பிழை இல்லை என்றால் "கிள்ரு"வும் பிழை இல்லை. மலையாளிகளும் இதே ள ஒலியைத்தான் வைத்திருக்கிறார்கள், அவர்களோடு பேசிப் பார்த்தால் தெரியும்.

இது தவிர இரண்டு சின்ன மாற்றங்கள் உண்டு. தொண்டை உரசும் முதல் எழுத்துக்குத் தமிழில் தனி வடிவம் இல்லாததால் சிலர் "கி" என்றும் சிலர் "ஹி" என்றும் எழுதுகிறார்கள். அப்புறம், இரண்டு மெய் அடுத்தடுத்து வந்து சொல் முடிவது தமிழுக்குப் பழக்கமில்லை, அதனால் நடுவிலோ கடைசியிலோ ஓர் உகரம் ஏறிக்கொள்ளும். கிள்ரு, கிளுறு, கிழுறு, ஹிள்ரு எல்லாம் அப்படி வந்தவை. இந்தியில் புள்ளி போட்டு எழுத வேண்டிய எழுத்தைப் புள்ளி இல்லாமல் எழுதிவிட்டால் "கிஜ்ர்" ஆகிவிடும், அது இன்னொரு முகம்.

குர்ஆனில் இருப்பது எவ்வளவு?

பலருக்கும் வியப்பாக இருக்கும் செய்தி: குர்ஆனில் இந்தப் பெயரே இல்லை. 18-ஆவது அத்தியாயமான அல்கஹ்ஃபில், 60 முதல் 82 வரையிலான வசனங்களில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. 110 வசனங்கள் கொண்ட இந்த அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஓதும் வழக்கம் இருப்பதால், தொழுகையாளிகளுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும்.

மூஸா நபி தன் உதவியாளரான இளைஞரோடு "இரு கடல்கள் சேரும் இட"த்தைத் தேடிப் போகிறார். கையில் ஒரு மீன். ஒரு பாறையருகே தங்கியபோது மீன் நழுவிக் கடலுக்குள் போய்விடுகிறது, இளைஞர் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார். பசி எடுத்து உணவு கேட்டபோதுதான் சொல்கிறார். "நாம் தேடி வந்த இடமே அதுதான்" என்று வந்த வழியே திரும்புகிறார்கள். அங்கே ஒருவரைச் சந்திக்கிறார்கள். குர்ஆன் அவரை "நம் அடியார்களில் ஒருவர்" என்று மட்டும் சொல்கிறது, இறைவனிடமிருந்து அருளும் தனி அறிவும் பெற்றவர் என்கிறது. பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

அவரிடம் கற்றுக்கொள்ள மூஸா நபி அனுமதி கேட்கிறார். "உம்மால் பொறுமையாக இருக்க முடியாது, நானாகச் சொல்லும் வரை எதையும் கேட்கக் கூடாது" என்பது நிபந்தனை. அப்புறம் மூன்று செயல்கள், மூன்று முறையும் மூஸா நபியால் கேட்காமல் இருக்க முடியவில்லை:

1. ஏழைகள் பிழைப்பு நடத்தும் படகில் ஓட்டை போடுகிறார். காரணம்: நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அந்தப் பக்கம் இருந்தான், பழுதான படகு தப்பிக்கும்.

2. ஒரு சிறுவனைக் கொன்றுவிடுகிறார். மிகவும் கனமான, இன்றும் விளக்கவுரையாளர்களை நிறுத்தி யோசிக்க வைக்கும் பகுதி இது. அவன் தன் நல்ல பெற்றோரை வழிகெடுத்துத் துன்புறுத்துவான் என்ற அச்சமும், அவர்களுக்கு அவனைவிட நல்ல பிள்ளை கிடைக்கட்டும் என்ற விருப்பமும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

3. தங்களுக்குச் சோறு தர மறுத்த ஊரில், விழப்போகும் சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்திக் கட்டுகிறார். அதன் அடியில் இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது, அவர்கள் பெரியவர்களாகும் வரை அது பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

"இதை நான் என் விருப்பப்படி செய்யவில்லை" என்று சொல்லி அவர் பிரிந்துவிடுகிறார். இதற்கு மேல் குர்ஆனில் எதுவும் இல்லை. நீண்ட ஆயுள் இல்லை, அமுத நீர் இல்லை, பச்சை உடை இல்லை. அந்த அடியார் கிள்ரு என்பதையும் கூட வந்த இளைஞர் யூஷஃ இப்னு நூன் என்பதையும் ஹதீஸ்கள்தான் சொல்கின்றன. உபை இப்னு கஅப் சொன்னதாக இப்னு அப்பாஸ் வழியாக வரும் நீண்ட அறிவிப்பு அதில் முக்கியமானது.

நாட்டார் கதை தொடங்கும் இடம்

செத்த மீன் எப்படி நழுவிக் கடலுக்குள் போகும்? இந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததுதான் கதையின் பெரும்பகுதி. அங்கே உயிர்நீர் ஊற்று இருந்திருக்க வேண்டும், அதன் துளி பட்டு மீன் பிழைத்தது, அப்படியானால் அந்த இடத்தில் இருந்தவர் அதைக் குடித்திருப்பார், குடித்தவருக்குச் சாவில்லை. மக்கள் மனம் இப்படித்தான் ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறது.

இதற்கு நெருக்கமான கதை அலெக்சாண்டர் மரபிலும் ஓடியது. அலெக்சாண்டரின் சமையல்காரர் காய்ந்த மீனை ஓர் ஊற்றில் கழுவுகிறார், அது உயிர்பெற்று நீந்துகிறது, சமையல்காரர் அந்த நீரால் சாகாவரம் பெறுகிறார், மன்னருக்கு அது கிடைக்கவில்லை. சிரியாக் மொழியிலும் இந்தக் கதை இருந்தது. பாரசீகக் கவிஞர்கள் கையில் அந்தச் சமையல்காரரின் இடத்துக்குக் கிஸ்ர் வந்துவிட்டார்: இருள் சூழ்ந்த தேசத்தில் சிக்கந்தருக்கு, அதாவது அலெக்சாண்டருக்கு, வழிகாட்டியாகப் போகிறார், ஊற்றை அவர் கண்டுகொள்கிறார், உலகை வென்ற சிக்கந்தர் தாகத்தோடு திரும்புகிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிஜாமி இதை விரிவாகப் பாடினார். பழைய மெசபடோமியாவின் கில்காமேஷ் காவியத்தில் வெகுதொலைவில், நதிகளின் முகத்துவாரத்தில் வாழும் சாகாத கிழவரோடும் கிள்ருவை ஒப்பிடும் ஆய்வாளர்கள் உண்டு.

பச்சையும் சாகாமையும் சேர்ந்ததும் மற்றவை தானாக வந்தன. பச்சை உடை, வெண்தாடி, மீன் மேல் ஏறி ஆற்றைக் கடப்பது, வழி தவறியவனுக்கு அந்நியர் உருவில் வந்து பாதை காட்டி மறைவது. இல்யாஸ் நபியையும் ஜோடி சேர்த்தார்கள்: ஒருவர் கடலுக்குக் காவல், மற்றவர் நிலத்துக்குக் காவல், ஆண்டுக்கு ஒருமுறை ஹஜ்ஜில் சந்திப்பார்கள் என்று.

டெல்லியில் இந்தப் பெயர்

ஜாமியா மில்லியாவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு நியூ ஃபிரண்ட்ஸ் காலனிப் பக்கமுள்ள கிஸ்ராபாத் தெரிந்திருக்கும். பெயரைப் பார்த்து யாரோ நிலத்தரகர் வைத்தது என்று நினைக்க வேண்டாம். 1414-இல் டெல்லியில் சையித் வம்ச ஆட்சியைத் தொடங்கி 1421-இல் இறந்த கிஸ்ர் கானோடு அந்தப் பெயரை இணைக்கிறார்கள். யமுனையை ஒட்டி அவர் ஒரு நகர் அமைத்தார் என்பது மரபு. "கிஸ்ர் கான்", "கிள்ரு முகமது" இரண்டிலும் இருப்பது ஒரே பெயர். டெல்லியை ஆண்டவரின் பெயரைத்தான் நம் ஊர்க் கிழவனார் தமிழ் ஒலியில் சுமந்துகொண்டிருந்தார்.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இன்னொரு கிஸ்ர் கான் இருந்தார், அலாவுதீன் கில்ஜியின் மகன். 1303-இல் சித்தோரைப் பிடித்ததும் அலாவுதீன் அந்தக் கோட்டை நகருக்கு மகன் பெயரில் கிஸ்ராபாத் என்று பெயர் மாற்றினார். தேவல் ராணி மீது அந்த இளவரசர் கொண்ட காதலை அமீர் குஸ்ரோ பாரசீகத்தில் காவியமாகவே எழுதினார். முடிவு கொடூரமானது. அலாவுதீன் இறந்ததும் நடந்த அரியணைச் சண்டையில், மதுரை வரை படையெடுத்து வந்த அதே மாலிக் காபூர் இளவரசரின் கண்களைப் பறித்தார், பின்னர் குவாலியர் கோட்டையில் இளவரசரைத் தம்பி முபாரக் ஷாவின் ஆணைப்படி கொன்றார்கள். நீண்ட ஆயுளை வேண்டித்தான் இந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள் என்பதை நினைத்தால் இந்த வரலாறு மனதைப் பிசைகிறது.

டெல்லி மெஹ்ரோலியில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி குத்புதீன் பக்தியார் காக்கியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அவர் பிறந்த ஓஷ் நகரில், இன்றைய கிர்கிஸ்தானில், ஒரு பாழடைந்த பள்ளிவாசல் இருந்ததாம். குறிப்பிட்ட முறையில் அங்கே தொழுதால் கிஸ்ரைப் பார்க்கலாம் என்று சொல்லக் கேட்டுப் போனார். யாரும் வரவில்லை. வெளியே வரும்போது எதிர்ப்பட்ட ஒருவர், "கிஸ்ரைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய், அவரும் உன்னைப் போலத் திரிகிறவர்தானே" என்று கேட்டாராம். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அற்புதத்தைத் தேடி அலைவதைவிட தன் வழிபாட்டைப் பார் என்று சூஃபிகளே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

டெல்லி உருதுவிலும் இந்தப் பெயர் ஊறிக் கிடக்கிறது. "உம்ரே கிஸ்ர்" என்றால் நெடிய ஆயுள். "கிஸ்ரே ராஹ்" என்றால் வழித்துணை, வழிகாட்டி. நிஜாமுதீனில் அடங்கியிருக்கும் உருதுக் கவிஞர் காலிப் தன் கஜல்களில் கிஸ்ரையும் சிக்கந்தரையும் அடிக்கடி இழுப்பார்.

தண்ணீர் இருக்கும் இடமெல்லாம்

வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் பாதோ மாதத்தின் கடைசி வியாழக்கிழமை இரவில் பேரா திருவிழா நடக்கும். வாழைத்தண்டிலும் மூங்கிலிலும் தெப்பம் கட்டி, விளக்கு ஏற்றி, பாகீரதி ஆற்றில் விடுவார்கள். அது கவாஜா கிஸ்ருக்கான நேர்ச்சை. சிந்துவில் சுக்கூர் அருகே ஆற்றின் நடுத் தீவில் அவருக்கு இடம் உண்டு. முஸ்லிம்கள் அவரை ஜிந்தா பீர், அதாவது உயிரோடிருக்கும் ஞானி என்றார்கள், இந்துக்கள் உதேரோலால் என்றும் ஜூலேலால் என்றும் வணங்கினார்கள். மீன் மேல் அமர்ந்த வெண்தாடிக் கிழவர் படத்தை டெல்லியிலும் மும்பையிலும் சிந்திக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், அந்தப் படத்துக்கும் நம் பெயருக்கும் ஆற்றின் வழியாக ஓர் உறவு இருக்கிறது. துருக்கியில் அவரும் இல்யாஸும் சந்திக்கும் நாளாக மே 5, 6 தேதிகளில் வசந்த விழா, ஹிதிரெல்லஸ் என்று. 2017-இல் துருக்கியும் வட மாசிடோனியாவும் சேர்ந்து அதை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தன. தக்க நேரத்தில் வந்து உதவுகிறவரை அங்கே "ஹிஸிர் போல வந்தான்" என்பார்கள். பார்பரோசா என்று ஐரோப்பியர் நடுங்கிய ஒட்டமான் கடற்படைத் தலைவரின் இயற்பெயரும் ஹிஸிர்தான்.

தமிழர்களுக்கு மிக அருகிலுள்ள இடம் இலங்கையின் கதிர்காமம். முருகன் கோயில் வளாகத்தை ஒட்டியே பள்ளிவாசலும் கிள்ரு பெயரிலான தக்கியாவும், அதாவது சூஃபிகளின் வழிபாட்டு மடமும், இருக்கின்றன. கதிர்காமத்தின் பெயரிலேயே கிள்ரு இருக்கிறார், உயிர்நீர் ஊற்று அந்தப் பகுதியில்தான் மறைந்திருக்கிறது என்று நம்பும் இலங்கை முஸ்லிம்கள் உண்டு. சொல்லாராய்ச்சியாக அது நிற்காது. ஆனால் முருகனடியார்கள் காவடி எடுக்கும் அதே மண்ணில் முஸ்லிம்கள் கொடியேற்றி ராத்திபு என்ற கூட்டுத் துதி ஓதுவது இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது, அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது.

உயிரோடு இருக்கிறாரா, நபியா?

வீடுகளில் சண்டை வரும் இடம் இது. மார்க்க அறிஞர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த முடிவு கிடையாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. நபியா, வலியா (இறைநேசரா)? "என் விருப்பப்படி செய்யவில்லை" என்று அவர் சொன்னதால் அவருக்கு இறைச்செய்தி வந்திருக்க வேண்டும், ஆகவே நபி என்பது ஒரு தரப்பு. அவர் நபி இல்லை, உள்ளறிவு பெற்ற இறைநேசர் என்பது சூஃபிகள் பலரின் தரப்பு. தமிழில் "கிள்ரு நபி" என்றும் "கிள்ரு அலைஹிஸ்ஸலாம்" என்றும் சொல்லும் வழக்கம் முதல் தரப்பை ஒட்டியது.

2. உயிரோடு இருக்கிறாரா? அறிஞர்களில் பெரும்பாலோர் ஆம் என்று கருதுவதாக இமாம் நவவி எழுதியிருக்கிறார். இமாம் புகாரி, இப்னு தைமிய்யா போன்றோர் மறுத்தார்கள். மறுப்பவர்கள் காட்டும் வசனம் குர்ஆன் 21:34, "உமக்கு முன் எந்த மனிதருக்கும் நாம் நிரந்தர வாழ்வைத் தரவில்லை" என்பது. அவர் உயிரோடிருந்தால் நபிகளாரிடம் வந்து சேர்ந்திருப்பாரே என்றும் கேட்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் இப்னு ஹஜர் அஸ்கலானி இந்த ஒரு விஷயத்துக்காகவே தனி நூல் எழுதி, அறிவிப்புகளை ஒவ்வொன்றாக எடைபோட்டார்.

3. பெயர் வைக்கலாமா? மேலே உள்ள இரண்டு கேள்விக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நபி என்றாலும் நல்ல பெயர், இறைநேசர் என்றாலும் நல்ல பெயர், பொருள் பச்சை. "கட்டுக்கதை, மாற்றுங்கள்" என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஆளும் பெயரும் ஹதீஸில் இருப்பவை, தண்ணீரில் நடப்பதும் மீன் மேல் ஏறுவதும் மக்கள் சேர்த்தவை. பின்னதை நம்பாமல் முன்னதை வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. பாட்டியின் கதையைப் பழிக்க வேண்டிய தேவையும் இல்லை, ஆற்றோடும் கடலோடும் பிழைத்த மக்கள் தங்கள் பயத்துக்கு மருந்தாக வைத்திருந்த கதை அது.

பெயர் எழுதும்போது

பொருளும் கதையும் இருக்கட்டும், கையில் படிவம் இருக்கிறதே என்பவர்களுக்கு.

1. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, அரசு வேலை என்று பலவற்றுக்கும் அடிப்படை ஆவணம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் அது. ஆகவே டெல்லியில் குழந்தை பிறந்தால், பெயரை மருத்துவமனை மேசையில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் எப்படி வர வேண்டுமோ அப்படியே தாளில் எழுதிக் கொடுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமல் பதிந்துவிட்டுப் பிறகு சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது, அவசரப்பட வேண்டாம்.

2. ஆங்கிலத்தில் நடு எழுத்து "டி" ஆகவும் இருக்கலாம், "இசட்" ஆகவும் இருக்கலாம், "எல்" ஆகவும் இருக்கலாம். மூன்றுக்கும் நியாயம் உண்டு என்று மேலே பார்த்தோம். தந்தையின் அல்லது தாத்தாவின் ஆவணத்தில் எது இருக்கிறதோ அதையே பேரனுக்கும் வைப்பது என் பரிந்துரை, "சுத்தமான" வடிவம் என்று புதிதாக ஒன்றைத் தேடாதீர்கள். ஒலி நியாயம் அலுவலகத்தில் செல்லாது, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதுதான் செல்லும்.

3. ஏற்கெனவே மூன்று தலைமுறையில் மூன்று வடிவம் வந்துவிட்டதா? பெரியவர்களின் பழைய பட்டியலைத் திருத்துவது கடினம். தொடர்ந்து பயன்படுத்தப்போகிறவரின் ஆவணங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சின்ன வேறுபாட்டுக்குப் பல இடங்களில் "இரு பெயரும் ஒருவரே" என்ற உறுதிமொழிப் பத்திரம் போதும். கிள்ரு என்பதிலிருந்து கிஸ்ர் போல எழுத்தே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடுவதுதான் பாதுகாப்பு, மத்திய அரசிதழுக்கான வெளியீட்டுத் துறை டெல்லி சிவில் லைன்ஸிலேயே இருக்கிறது.

4. தமிழில் எழுதும் இடத்தில், திருமண அழைப்பிதழோ ஊர் ஜமாஅத் பதிவேடோ, ளகரத்தை விட்டுவிடாதீர்கள். ஆங்கில ஆவணத்தில் "இசட்" இருந்தாலும் தமிழில் "கிள்ரு" என்று எழுதுவதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. டெல்லியில் பிறந்த பிள்ளைக்கு வீட்டில் அந்த ஒலியோடு கூப்பிட்டுப் பழக்குங்கள். பள்ளியில் கிஸ்ர் என்று கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும், இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கக் குழந்தைக்குத் தெரியும்.